இருபத்தெட்டு மீற்றர்

கழுத்தடியில் ஒரு பொத்தான்,
மேலே பிளாஸ்டர்,
சட்டைக்குள்ளால் இறங்கும் வயர்,
சேலைச் செருகலில் ஒரு போன்.
"டீச்சருக்குப் பற்றரி போட்டிருக்கு" என்றான் டிலுக்சன்.
மூன்றாம் ஆண்டு முழுவதும் எழும்பிப் பார்த்தது.

சொல்லை அது எடுக்காதாம்,
நடுக்கத்தை மட்டும் எண்ணுமாம்.
கல்முனை ஆசுபத்திரியில் ஒட்டிவிடும்போது
றிஸ்மியா மிஸ் சொன்னா:
"பிள்ளைகளுக்கு ஏசினாலும் பரவாயில்ல, எனக்குக் கேளாது."

தம்பிலுவிலில் எங்களுக்கு
நாலு வகுப்புக்கு ஒரு மண்டபம்.
சுவருக்குப் பதில் அலுமாரி.
அந்தப் பக்கம் யோகசோதி டீச்சரின் ஏழாம் வாய்பாடு.
நான் "ஆடு" என்றால்
என் பிள்ளைகள் "நாற்பத்திரண்டு" என்கிறார்கள்.
கார்த்திகை மழை தகரத்தில் இறங்கினால்
நாலு பேரும் கத்துவோம்;
ஏன் இந்தச் சத்தம் என்று
அதிபர் வந்து எங்களைவிடப் பெரிதாய்க் கத்துவார்.

ஒரு கிழமை கழித்துக் கழற்றிக் கொடுத்தேன்.
கொம்பியூட்டரில் மலையும் பள்ளமும்.
"உங்கட குரல்நாண் ஒரு நாளைக்கு
அஞ்சரைக் கிலோமீற்றர் அசைஞ்சிருக்கு, டீச்சர்."
இரண்டு நாளில் அக்கரைப்பற்றுக்குப் போயிருக்கலாம்,
பஸ் காசு மிச்சம்.
சிரித்தேன். காற்றுத்தான் வந்தது.

பிறகு திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தா.
"ரெண்டு மணிக்குப் பிறகு கழட்டி வெச்சயா?"
இல்லையே, குளிக்க மட்டும்.
"கோடு நேரா இருக்கே.
திங்கள், செவ்வாய், எல்லா நாளும்.
ஊட்டுல ஒண்டும் பேசுறல்லையா?"

மெஷின் பிழையாக இருக்கும் என்றேன்.
கடையில் நான் விரலால் காட்டித்தான் வாங்குவது.
பூனை கூப்பிடாமலே வரும்.

"வியாழன் இரவு மட்டும், ரெண்டேகாலுக்கு,
நாப்பது செக்கன்.
என்ன சொன்னீங்க?"
கேட்டபிறகு அவவே நாக்கைக் கடித்தா.
எனக்கும் தெரியாது.
அந்த நேரம் நான் நல்ல உறக்கம்.

எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.
பெருக்கிப் பார்த்துச் சொன்னா:
இருபத்தெட்டு மீற்றர்.

தண்ணி குடிங்க, விசில் பாவியுங்க,
மைக் ஒண்டுக்குக் கடிதம் தாறன் என்று
ஒரு துண்டும் தந்தா.

விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய அளவுநாடா
பாடசாலை அலுமாரிக்குள் கிடந்தது.
அன்று பின்னேரம்
கட்டில் தலைமாட்டு ஆணியில் ஒரு நுனியைக் கொளுவி
அறை, விறாந்தை, முற்றம் என்று இழுத்துக்கொண்டு போனேன்.
படலை இருபத்தாறில் வந்தது.

மிச்ச இரண்டையும் இழுத்தேன்.
சைக்கிளில் வந்தவர் பெல்லடித்து இறங்கி
"என்ன டீச்சர், றோட்டையோ அளக்கிறீங்க?" என்றார்.