காரணம் என்றொரு கட்டம்

காலை பத்து மணிக்கு
நிரலைப் பொதுவில் திறப்பதாகப் பேச்சு.
அரவேணுவில் கொழுந்து எடை போட்ட நிரல்
இனி மஞ்சூரிலும் போடலாம், கூடலூரிலும் போடலாம்,
காசில்லை.

திறப்பதற்கு முன் ஒரு ராத்திரி இருந்தது.

முன்பணம் டாட் சிஎஸ்வி.
மூன்று வருஷம் முன்பு, சோதித்துப் பார்க்க
நிஜப் பட்டியலையே உள்ளே போட்டவள் நான்.
இருநூற்றுப் பதினாறு பேர்.
பெயர், ஏக்கர், செல் நம்பர், வாங்கிய தொகை,
கடைசியில் காரணம் என்றொரு கட்டம்.
யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது.

பெள்ளியம்மாள், முக்கால் ஏக்கர்: மகனுக்கு டயாலிசிஸ்.
ஜோகி, ஒன்றரை ஏக்கர்: மகள் திரும்பி வந்துவிட்டாள்.
ராமலிங்கம்: சொல்ல மறுத்தார்.

மறுவாரம் அழித்தேன்.
அழித்ததை ஒழுங்காகக் குறித்தும் வைத்தேன்:
'விவசாயிகள் கடன் பட்டியல் நீக்கம்.'
திருடனுக்கு இதைவிட
யார் வழி சொல்வார்?
இருந்தது ஒரு சம்பவம், அழித்தது இன்னொன்று;
கிட் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கும்.

வெளியே உறைபனி விழப்போகிற வானம்,
ஒரு பொட்டு மேகமில்லை.
ஹீட்டர் போட்டால் யூபிஎஸ் கத்துகிறது.
கம்பளிக்குள் விரலைச் சூடேற்றிச் சூடேற்றி
கட்டளையை அடித்தேன்.

அறுநூற்று நாற்பது கமிட்.
அந்தக் கோப்பு நுழைந்த நாள் தொட்டு
எல்லா நாளுக்கும் வேறு எண் விழுந்தது:
தராசுப் பிழை திருத்திய மழைநாள்,
நஞ்சன் வேலைக்குச் சேர்ந்த நாள்,
கொழுந்து விலை பதினொன்றுக்கு இறங்கியபோது
கோபத்தில் நான் எழுதிய குறிப்பு.

தேடினேன். பெள்ளியம்மாள் இல்லை.
ஜோகி இல்லை.
'மறுத்தார்' என்று தேடினேன். இல்லை.
பழைய பாஸ்வேர்டு ஒன்றும் அங்கே கிடந்தது;
அதை எடுத்தால் மட்டும் போதாது,
பூட்டையே மாற்றினேன்.

பிறகுதான் நஞ்சன் ஞாபகம் வந்தான்.
போன வருஷம் கோயமுத்தூர் போனபோது
லேப்டாப் அவனுடையது.
மணி ஒன்றரை. எடுத்துவிட்டான்.

"பழைய பிரதி வச்சிருக்கியா?"
"இருக்கு."
"அழிச்சிடு. புதுசா எடுத்துக்கோ.
பழசுலேர்ந்து எதையும் திரும்ப ஏத்திடாத."
"ம்."
கோபுரம் கிடைக்காத மாதிரி ஓர் அமைதி.
"அக்கா, அந்த லிஸ்ட்ட
சேர்ந்த முதல் வாரமே பாத்துட்டேன்.
ஜோகி என் மாமா."

பத்து மணிக்குத் திறந்தோம்.
பதினொன்றுக்கு ஜோகி மூட்டையோடு வந்தார்.
எடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.
பனியில் கருகியது தள்ளி
பதினேழு கிலோ.
தராசைப் பார்த்தேன்.
தராசை மட்டும்.