ஏசித் தண்ணீர்

மடிப்பாக்கம், மூன்றாவது மாடி.
ஏசிக் குழாய்க்கடியில்
பத்து லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்றை வைத்தேன்,
ஏப்ரலில்.
ராத்திரிக்கு எட்டு லிட்டர் சொட்டியது.
வீடு துடைத்தேன், கழிவறைக்கு ஊற்றினேன்,
லாரித் தண்ணீர் மிச்சமென்று
கீழ்வீட்டு மெர்லினிடம் பெருமையடித்தேன்.
அவள் கேட்டாள்:
"அப்போ கரண்டு?"

மீட்டர் அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
எட்டு லிட்டருக்கு
எண்ணூர்ப் பக்கம் எவ்வளவு கரி எரிந்திருக்கும்?
கணக்குப் போடத் தெரியவில்லை.
தெரியாததே நல்லதென்று
இன்னும் ஒரு வாரம் ஓட்டினேன்.

பிறகு அணைத்தேன்.
ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு
விடியும்வரை புரண்டுவிட்டு
தியாகி மாதிரி எழுந்து வந்தால்,
டப்பா விளிம்பில் ஒரு காகம்.
உள்ளே பார்த்தது.
என்னைப் பார்த்தது.
மறுபடி உள்ளே பார்த்தது.

இத்தனை நாள் இதுவும் குடித்தது
எனக்குத் தெரியாது.

கேனைச் சாய்த்து
ஒரு சொம்பு பிடித்து ஊற்றினேன்.
முப்பத்தைந்து ரூபாய்க் கேன்.
பிளாஸ்டிக்.
எங்கிருந்தோ உறிஞ்சி
டெம்போவில் ஏறி வந்த தண்ணீர்.

குடித்தது.
அலகை பால்கனிக் கம்பியில்
இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை
தேய்த்துக்கொண்டது.