ஐம்பத்தெட்டுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் நடுவில்

காலை ஆறுக்கே நாற்காலி போட்டாயிற்று,
பாலம் இறங்கும் சுவருக்கு எதிரே, பேக்கரி ஓரம்.
மடியில் அட்டை. அட்டையில் கட்டங்கள்:
கார், பஸ், லாரி, டூவீலர், இதர.
வண்டி போனால் ஒரு கோடு,
நாலு கோடு சேர்ந்தால் குறுக்கே ஒன்று.
நாள் கூலி எழுநூறு. மதியச் சோறு நம்முடையது.

திருப்பூரில் பட்டறைக்கார வீதி என்று ஒன்று
இருந்தது என்று சொல்ல மாட்டேன்.
இருக்கிறது, இரண்டு துண்டாக.
கதவு எண் ஐம்பத்தெட்டு வரை இக்கட்ட.
ஐம்பத்தொன்பதிலிருந்து அக்கட்ட.
நடுவில் மண்ணை அடைத்து நிறுத்திய
இரண்டு ஆள் உயரச் சுவர்.

ஐம்பத்தெட்டில் காஜா அடிக்கிற மெஷின் ஆறு.
ஐம்பத்தொன்பதில் நூல்கடை.
கோன் தீர்ந்தால் வாசலில் நின்று
நிறத்தைக் கத்திச் சொன்னால் போதும் என்றிருந்தது.
இப்போது யூ டர்ன் வரை போய்த் திரும்பி வர
ஒரு வழிக்குப் பத்தொன்பது நிமிஷம்.
நடந்து பார்த்துத்தான் சொல்கிறேன்,
ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கி நின்றதைக் கழித்துவிட்டு.

ஏழரைக்குள் முதல் தாள் நிறைந்தது.
மேலே போகிற எவருக்கும்
கீழே ஒரு வீதி ஒடிந்து கிடப்பது தெரியாது.
அவர்கள் மேல் கோபமில்லை.
அவிநாசிக்குப் போகிற அன்றைக்கு
நானும் மேலேதான் போகிறேன், வெசயாக.

எட்டு மணிக்கு மரகதமணி வந்தார்,
இரண்டு கையிலும் மூடி போட்ட போசி.
மகள் அக்கட்ட செக்கிங்கில் இருக்கிறாள்.
சுவரைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார்.
திரும்பிப் போனார்.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

சுவர் இடுப்பளவுக்குத் தேய்கிற இடத்தில்
பிபின் மஹதோ சைக்கிளைத் தோளில் தூக்கினான்,
லாரிக்கும் லாரிக்கும் இடையில்
ஒரு மூச்சு இடைவெளியில் அக்கட்ட விழுந்தான்.
இதர என்று ஒரு கோடு போட்டேன்.
ஆள் மேல் சைக்கிள் ஏறிப் போனதற்கு
வேறு பெயர் தாளில் இல்லை.

பிறகு தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்.
வந்தவர், நின்றவர், திரும்பியவர்.
மாத்திரைச் சீட்டோடு ஒருவர்.
பள்ளிக்கூடப் பையன்கள் நாலு பேர்,
பந்து மட்டும் அக்கட்ட போய்விட்டது.
ஒரு தள்ளுவண்டி, இளநீர்,
விற்காததும் திரும்பியதில் சேரும்.
மூன்று மணிக்கு நூற்று நாற்பத்து மூன்று.

ஜே.ஈ. செங்கோட்டுவேல் வந்து தாளைப் புரட்டினார்.
"இது யாருங்க எழுதச் சொன்னது?"
"யாருமில்லீங்க."
"போகாத டிராபிக்குக்கு நா எங்கீங்க பாலங் கட்டறது?"
"கட்டச் சொல்லலீங்க.
கிளுவ வேலி போடறவங்ககூட
ஆள் போக ஒரு கடவு உடுவாங்கல்லங்க."

அவர் பேசவில்லை. சுவரின் உயரமான இடத்தைப்
பேனாவால் காற்றில் அளந்தார்.
மூன்று மீட்டர், என்றார் தனக்குள்.
மேலே வண்டியை நிறுத்தாமலே
மண்ணுக்குள் பெட்டியைத் தள்ளி இறக்கலாம்,
கீழே வீதி வீதியாகவே போகும்.
சொல்லிவிட்டு உடனே,
"இதெல்லாம் சாங்சன் ஆகாதுங்க."
ஆனாலும் அந்தத் தாளை
பைலில் வைக்கவில்லை, கிழிக்கவுமில்லை.
நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
அது நல்லதா கெட்டதா
என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆறு மணிக்கு நாற்காலியை பேக்கரியில் ஒப்படைத்தேன்.
என் வீடு அறுபத்தொன்று.
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்,
அவரிடமும் சொல்லவில்லை.
சேலையைச் சொருகிக்கொண்டு நானும் தாண்டியிருக்கிறேன்,
கர்ப்பத்துக்கு முன்பு.

வண்டி எதுவும் வராத அரை நிமிஷம்
அபூர்வமாகக் கிடைத்தது.
சுவருக்கு அக்கட்டயிருந்து குக்கர் விசில்.
எங்கள் வீட்டுடையதுதான்,
கேஸ்கட் போனதால் இழுத்து இழுத்துக் கூவும்.
மூன்றாவதுக்கு அடுப்பை அணைக்க வேண்டும்.
நடக்க ஆரம்பித்தேன், யூ டர்னைப் பார்த்து.