இரண்டாம் ஊசி

முதல் ஊசி முதுகில்.
அது இறங்கி ஏழு நிமிடத்தில்
கன்னியப்பன் கேட்டார்:
"என் காலு இங்கதான் கீதா டாக்டரம்மா?"
தூக்கிக் காட்டினேன்.
யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

ராணிப்பேட்டையில் இருபத்தாறு வருடம்
சாய டிரம்முக்குப் பக்கத்தில் நின்ற கால்.
ஈரத்தோல் அடுக்கிய டிவிஎஸ் வண்டியை
பாலாற்றுப் பாலத்துக் காற்றில்
சாயவிடாமல் தொடையிடுக்கில் கவ்விய கால்.
சாயம் கையில் ஏறியது தெரிந்தது.
மூத்திரப்பைக்கும் ஏறியிருக்கலாம் என்பது
ஒருநாள் சிவப்பாய் வெளியே வந்தபோதுதான்.

கட்டி இடப்பக்கச் சுவரில்.
சுவருக்கு அந்தப்புறம்
ஒரு நரம்பு போகிறது.

முதுகின் அடியில் மூன்று வேர் சேர்ந்து
சோவாஸ் தசைக்குள் சத்தமில்லாமல் இறங்கி
இடுப்புக்கூட்டின் ஓரமாகவே வந்து
ஒரு பெரிய ஓட்டையை அடைகிறது.
ஓட்டை என்று பேர்தான்.
சவ்வு கட்டி அடைத்து வைத்திருக்கிறது உடம்பு,
மேல்மூலையில் ஒரு சந்து விட்டு.
அப்டுரேட்டர்: அடைத்தது என்று பொருள்.
அடைப்பின் பெயரைச் சுமந்துகொண்டு
திறந்த சந்து வழியாகத் தொடைக்கு வந்து
ஒரு சின்னத் தசைக்கு முன்னும் பின்னுமாய்ப் பிரிந்து
அது செய்வதெல்லாம்
காலைக் காலோடு சேர்ப்பது.

முதுகு ஊசியில் எல்லாம் அடங்கும் என்றுதான்
படிக்கிறபோது நானும் நினைத்தேன்.
டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்
தெரு இருட்டென்று படுத்துக்கொள்கிறோம்.
நடுத்தெருவில் எவனோ
ஜெனரேட்டரைக் கம்பியில் கோர்க்கிறான்.
கடைசி வீட்டில் விளக்கு எரிகிறது.

போன சித்திரை. பேரணாம்பட்டு ஆள்.
பெயர் எழுத மாட்டேன்.
கரண்ட் வளையம் சுவரைத் தொட்ட நொடியில்
மரத்த கால் உதைத்தது.
உதைத்தது அவருக்குத் தெரியாது.
திரையில்
தெரியக்கூடாத மஞ்சள் கொழுப்பு தெரிந்தது.
எபினேசர் சார் என்னைத் திட்டவில்லை.
வயிற்றைத் திறக்கத் தட்டு கேட்டார்.
பதினோரு நாள் கூடுதலாய்க் கிடந்தவர்
போகும்போது ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா
கையில் வைத்துவிட்டுப் போனார்.
பிரிக்காமலே மூன்று வாரம்
லாக்கரில் இருந்தது அது.

அதனால் இரண்டாம் ஊசி.
முன்னெலும்பின் முடிச்சிலிருந்து
ஒன்றரை விரல் வெளியே, ஒன்றரை விரல் கீழே.
நுனி எலும்பில் முட்டியது.
பின்வாங்கி, சற்றே வெளிப்பக்கம் திருப்பி, உள்ளே.
ஸ்டிமுலேட்டர் டிக், டிக்.
ஈ உட்கார்ந்த மாட்டின் தோல்போல
உள்தொடை துடித்தது.
கரண்டைக் குறைத்தேன். இன்னும் துடித்தது.
பக்கத்தில்தான் இருக்கிறேன்.
இழுத்துப் பார்த்தேன், ரத்தமில்லை.
மருந்து பத்து மில்லி, மெல்ல மெல்ல.
துடிப்பு சிறுத்தது,
சிறுத்தது,
நின்றது.

"வெட்டலாமா?"
"வெட்டலாம் சார்."
"உறுதியா?"
"அப்படிச் சொல்ல மாட்டேன். பையை ரொம்ப நிரப்பாதீங்க.
கொஞ்சம் கொஞ்சமா வெட்டுங்க."

நாற்பது நிமிடம்
எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.
நான் முழங்காலைப் பார்த்தேன்.

சாயங்காலம் வார்டில்,
சூடு இன்னும் சுவரை விட்டுப் போகாத நேரம்,
இடது கால் மட்டும் வெளியே சரிந்து சரிந்து போனது.
"சேர மாட்டேங்குது" என்றார் பயந்து.
நாளைக்குச் சேரும் என்றேன்.
பவுனு ராத்திரி முழுக்க அதைத்
தள்ளித் தள்ளி வைத்தாளாம்.

காலையில் தொடைகளுக்கிடையே
தலையணையைக் கொடுத்து
"இழும்மா" என்றேன் பவுனுவிடம்.
இழுத்தாள்.
வரவில்லை.

கன்னியப்பன் அதைக் கவனிக்கவில்லை.
மூத்திரப் பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார்.
"நேத்து மாதுளை. இது ரோஸு.
இன்னும் ரெண்டு வாஷ் போனா
தண்ணி கலர் வந்துரும், பாத்துக்கோ."
ஷேடு பார்த்தே பிழைத்த கண்.
தப்பாது.

பயாப்ஸி வெள்ளிக்கிழமை வரும்.
அது எந்த ஷேடு என்று அவர் கேட்கவில்லை.
வண்டி எப்ப ஓட்டலாம்,
அதைத்தான் கேட்டார்.