உமையாள் டீச்சர் வரும்வரை

புதுவயலில் இறங்கும்போதே
நெல் அவிக்கிற வாடை.
மில்லுக்குப் பின்னால் பள்ளிக்கூடம்.
ஏழாம் வகுப்பு, கணக்கு.
நாற்காலியில் உமையாள் டீச்சரின் குஷன்.
அதில் உட்காரலாமா என்று தெரியாமல்
முதல் வாரம் நின்றே நடத்தினேன்.

சம்பளம் வவுச்சரில்.
வெள்ளிக்கிழமை பள்ளி லீவு என்றால்
எனக்கு வெள்ளிக்கிழமையே கிடையாது.

ஒன்று சொல்லணும்:
மீட்டிங்குக்கு யாரும் கூப்பிடுவதில்லை.
ரிசல்ட் குறைந்தாலும்
சோலையப்பன் சார் என் பக்கம் திரும்புவதில்லை.
திருப்பத்தூர் டிரான்ஸ்பர் பற்றி
மற்றவர்கள் கிசுகிசுக்கும்போது
நான் நிம்மதியாகத் தயிர்ச்சாதம் சாப்பிடுகிறேன்,
ஸ்டூலில்.

"எங்க டீச்சர் இப்படிப் போட மாட்டாங்க"
என்று எழுந்தான் முத்துக்கருப்பன்.
சாக்பீஸை அவனிடமே நீட்டினேன்.
போட்டான்.
என் கணக்கைவிட இரண்டு வரி குறைவு.
அன்றிலிருந்து நானும் அப்படித்தான்,
உமையாளின் பின்னங்கள்
என் கையெழுத்தில்.

நேற்றுச் சேதி வந்தது,
பெண் குழந்தை.
வகுப்பே கைதட்டியது. நானும்.
தட்டிக்கொண்டே மாதங்களை எண்ணியதை
யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மணி அடித்த பிறகு
கடைசி பெஞ்சு சிகப்பி வந்து நின்றாள்.
"சயின்ஸ் டீச்சருக்கு
ஆவணியில கல்யாணம் டீச்சர்."
"அதுக்கு?"
"அவங்களும் லீவு போடுவாங்கள்ல."

எனக்கு சயின்ஸ் வராதே என்றேன்.
பையை முதுகில் ஏற்றியபடி சொன்னாள்,
"கணக்கு மட்டும்
வந்துச்சாக்கும்."