பதின்மூன்று மணி நேரம்

ஹெல்சின்கியில் ஏறினால்
முன்பெல்லாம் ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ.
காலுறை குதிகால் வரை வளர்ந்திருக்கும்;
மீதியை ஷூஜியின் சமையலறையில் பின்னுவேன்,
அவன் மீன் வாட்டும்போது.

இப்போது நடுவில் ஒரு நாட்டின் வானம் பூட்டிக் கிடக்கிறது.
துருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று.
ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.
வரைபடத்தின் மேல் நூலை இழுத்து அளந்தேன்:
அதே ஒரு சாண்.

இறங்குவதற்குள் கடைசிக் கண்ணியும் முடிந்துவிட்டது.
அலாஸ்காவுக்கு மேலே எங்கோ
நூலை அறுத்தேன், பல்லால்.

நரிதாவில் அவன் வாங்கிப் பார்த்தான்.
"ஹில்க்கா, இன்னொன்று?"
"அது திரும்பும் வழிக்கு."

ஒன்றும் பேசவில்லை.
வீட்டுக்கு வந்ததும்
ஒற்றைக் காலில் அதை மாட்டிக்கொண்டு
அரிசி கழுவப் போனான்.
நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்,
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.