எட்டுத் தாள் ஆள்

கௌனஸில் மார்ச் முதல் வாரம்.
பசை வாளியிலேயே இறுகிவிடுகிற குளிர்.
சவனோரியு சாலை டிராலிபஸ் நிறுத்தத்துக்கு மேலே
ஏணியில் நிற்கிறான் விட்டெனிஸ்.
நாற்பத்தாறு வயது. பெல்ட்டில் கடைசித் துளை.

ஆள் எட்டுத் தாளாக வருவான்.
முதல் தாளில் நெற்றியும் ஒரு கண்ணும்.
ஐந்தும் ஆறும் வயிறு.
உள்ளாடைக் கம்பெனியின் பெயர் ஏழில்.
பாதங்கள் வருவதில்லை,
பாதங்களுக்கு யாரும் காசு தருவதில்லை.

வயிற்றைத்தான் பார்த்து ஒட்ட வேண்டும்.
ஒரு விரற்கடை பிசகினால்
ஆறு கட்டு ஐந்தாகிவிடும்.
நடுவிலிருந்து ஓரத்துக்கு அகலத் தூரிகையால்
தடவித் தடவிக் காற்றை வெளியேற்றுவான்.
பதினோரு வருடத்தில் அவன் கை
தன் வயிற்றை ஒருநாளும் இத்தனை பரிவாகத் தொட்டதில்லை.

வீட்டில், கண்ணாடியில் நீராவி படரும்வரை
வெந்நீரைத் திறந்துவிட்டு
அப்புறம்தான் சட்டையைக் கழற்றுகிறான்.
கோடையில் ஏரிக்குப் போனால்
முழுக்கைச் சட்டையோடு மீன்பிடிக்காரனாகிவிடுகிறான்.
ரசா கேட்டால், வெயில் ஒத்துக்கொள்ளாது என்கிறான்.

மகன் உக்னியஸுக்குப் பதினைந்து.
உருளைக்கிழங்கை ஒதுக்கிவிட்டு
கோழித் துண்டை நிறுத்து நிறுத்துச் சாப்பிடுகிறான்.
தராசின் பேட்டரி மாதம் ஒருமுறை தீர்ந்துபோகிறது.
மாற்றிப்போடுவது விட்டெனிஸ்.
இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஏணியிலிருந்து எல்லாம் தெரியும்.
பஸ்ஸுக்கு நிற்கிற ஆண்கள்
ஒவ்வொருவராக அண்ணாந்து பார்ப்பார்கள்,
மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.
ரொட்டிப் பையோடு நிற்கிற ஓய்வூதியக்காரர், அவரும்தான்.
பஸ் வந்து கதவு திறந்ததும்
எல்லாரும் ஒரேயடியாக விடுவார்கள்,
குளிரில் வெண்புகையாக.

போன மாதத்து ஆளின் மேல்தான் இந்த மாதத்து ஆள்.
அவனுக்கடியில் ஷேவிங் க்ரீம்காரன்,
அவனுக்கும் அடியில் கார் ஓட்டியவன், கடிகாரம் கட்டியவன்.
ஓரம் பிரிந்த இடத்தில் விரலை விட்டால்
இரண்டு அங்குல கனம்.
ஒருவன் முகத்தை ஒருவன் அமுக்கிக்கொண்டு
அத்தனை பேரும் சிரித்தபடி.

இன்றைக்கு ஐந்தாம் தாளில்,
தொப்புளுக்குச் சற்று மேலே,
ஒரு காற்றுக் கொப்புளம் தங்கிவிட்டது.
தூரிகையை எடுத்தான்.
வைத்துவிட்டான்.
இறங்கி, வாளியைக் கழுவி,
வண்டியைக் கிளப்புமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

நெமுனஸ் ஆற்றுக் காற்று அடிக்கும்போதெல்லாம்
அந்த வயிறு
கொஞ்சம் உப்பித் தணிகிறது.

உக்னியஸ் பள்ளிக்குப் போகிற பஸ் இந்த வழிதான்.
மேற்பார்வையாளர் வெள்ளிக்கிழமைதான் வருவார்.